கேள்வித்தாளுக்குப் பரீட்சை

(இலங்கையின் பொல்பிட்டியவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், ஆசிரியர்கள், மருத்துவப் பணியாளர்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடியைப் பற்றிப் பேச ஒருவர் மேடை ஏறினால் என்ன சொல்வார் என்பது உங்களுக்கு மனப்பாடம். சம்பளக் காசு தவறணைக்குப் போகிறது என்பார், பிள்ளைகளின் படிப்பு பாழாகிறது என்பார், ஈரல் கெடும் என்பார். எல்லாம் உண்மைதான். ஆனால் உங்களுக்குத் தெரிந்ததை உங்களிடமே திருப்பிச் சொல்ல நான் வரவில்லை. நான் பேச வந்தது ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு கேள்வித்தாளைப் பற்றி. அந்தத் தாள் நம் தோட்டங்களுக்குள் வந்தால், பரீட்சை எழுத வேண்டியவர் நீங்களா, அந்தத் தாளா? இதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அந்தத் தாள் எங்கே பிறந்தது என்று பார்ப்போம். 1999இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளானரி, வோல்பிசெல்லி, பெட்டினாட்டி என்னும் மூன்று ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். ‘பென் குடிவேட்கை அளவுகோல்’ என்று அதை நாம் தமிழில் அழைக்கலாம். கடந்த ஒரு வாரத்தைப் பற்றி ஐந்து விஷயங்களை அது விசாரிக்கிறது. குடிக்கும் நினைவு எத்தனை தடவை வந்தது? வந்தபோது அதிகபட்சம் எவ்வளவு பலமாக இருந்தது? மொத்தம் எவ்வளவு நேரம் அந்த நினைவிலேயே போனது? வீட்டில் ஒரு போத்தல் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் தொடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்? மொத்தத்தில் அந்த வாரம் வேட்கை எந்த அளவில் இருந்தது? ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து 6 வரை புள்ளி. கூட்டினால் அதிகபட்சம் 30.

இதை ஏன் அளக்க வேண்டும், எத்தனை போத்தல் குடிக்கிறான் என்று கேட்டால் போதாதா என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டு காரணம் சொல்கிறேன்.

ஒன்று, குடித்த அளவு மனதின் நிலையைச் சொல்லாது. வார்டில் பத்து நாள் படுத்திருக்கும் ஒருவர் குடித்த அளவு பூச்சியம். அவர் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பது வேறு கணக்கு. டிஸ்சார்ஜ் ஆகி பஸ்ஸை விட்டு இறங்கும்போது தவறணையைத் தாண்டி லயத்துக்குப் போவாரா, அங்கேயே நின்றுவிடுவாரா என்பதை அந்த இரண்டாவது கணக்குத்தான் ஓரளவு முன்கூட்டிச் சொல்லும். இந்த அளவுகோலை உருவாக்கியவர்கள் கண்டதும் அதையே: சிகிச்சையின் தொடக்க வாரங்களில் வேட்கைப் புள்ளி உயர்ந்திருந்தவர்கள் பின்வரும் வாரங்களில் மீண்டும் குடிக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அவர்களில் ஒருவரான வோல்பிசெல்லி, 1992இல் நால்ட்ரெக்சோன் என்ற மருந்து குடிநோயாளிகளுக்கு உதவுகிறது என்று காட்டியவர். 1994இல் அமெரிக்காவில் குடிநோய்க்கு அந்த மருந்து அனுமதி பெற்றது. வேட்கையைத் தணிக்க மருந்து வந்துவிட்டால், தணிந்ததா இல்லையா என்று பார்க்க ஓர் அளவையும் வேண்டும் அல்லவா?

இரண்டாவது காரணம் நமக்கே உரியது. லேபிள் ஒட்டிய சாராயத்தைக் கணக்குப் போடலாம். 33.5 வீதம் அற்ககோல் உள்ள சாராயத்தில் 180 மில்லிலீற்றர் கொண்ட ஒரு கால்போத்தலை எடுங்கள். அதில் ஏறத்தாழ 48 கிராம் சுத்த அற்ககோல் இருக்கிறது. 10 கிராமை ஒரு நியம அளவு என்று வைத்தால், ஐந்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஆற்றோரத்தில் காய்ச்சிய கசிப்புக்கு லேபிள் ஏது? ஒரு பீப்பாயில் இருப்பதும் அடுத்த பீப்பாயில் இருப்பதும் ஒன்றாக இருக்காது. ‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு விடையே கிடைக்காத இடத்தில், ‘எப்படி இழுக்கிறது’ என்ற கேள்விக்கு இன்னும் பெறுமதி உண்டு.

இந்த இழுப்பை நோயின் அடையாளமாக ஏற்க மருத்துவ உலகமே நீண்ட காலம் தயங்கியது. 1950களின் நடுவில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் கூடி, வேட்கை என்பது ஆளுக்கொரு பொருள் தரும் அன்றாடச் சொல், அறிவியல் எழுத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது என்ற முடிவுக்கு வந்தார்கள். பிறகு அதே நிறுவனம் 1992இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில், சார்புநிலைக்கான ஆறு அறிகுறிகளில் முதலாவதாக அடக்க முடியாத விருப்பம் இடம்பெற்றது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஐந்தாம் பதிப்புக் கையேடு 2013இல் வெளிவந்தபோது, அதிலிருந்த பதினொரு அளவுகோல்களில் வேட்கையும் ஒன்றாகச் சேர்ந்தது. மனக்கட்டுப்பாடு இல்லாதவன் என்று ஊர் ஒரு மனிதனுக்கு வைத்திருந்த பெயரை, அளந்து மருந்து கொடுக்கக்கூடிய ஒரு நிலை என்று மருத்துவம் மாற்றி எழுத ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

சரி, அந்தத் தாளை எடுத்துத் தமிழில் எழுதிவிட்டால் வேலை முடிந்ததா?

முறையான வழி ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும். இருவரையும் உட்கார வைத்து ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத மூன்றாம் ஆள் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தத் திரும்ப மொழிபெயர்க்கும் முறை உலகெங்கும் பரவியது. மருத்துவர்களும் மொழி தெரிந்தவர்களும் கூடிப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் சாதாரண மக்களிடம் கொண்டுபோவார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. படித்த இருவர் ஒருவருக்கொருவர் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். அவர்கள் தமிழாக்கியதைத் திரும்ப ஆங்கிலமாக்கினால் மூலத்தோடு அப்படியே பொருந்தும். ஆனாலும் அந்தத் தமிழ் நமது லயங்களில் யாரும் பேசாத தமிழாக இருக்கலாம். சென்னையில் செய்த மொழிபெயர்ப்பு ஒன்றில் ‘குடிவெறி’ என்று இருந்தால், அங்கே அதை அடங்காத ஆசை என்றும் கொள்ளலாம். இங்கே வெறி என்றால் போதை. ‘போன வாரம் உங்களுக்கு வெறி எவ்வளவு இருந்தது?’ என்று கேட்டால், குடித்த நாட்களை எண்ணித்தான் நம்மவர் பதில் சொல்வார். குடிக்காமல் தவித்த நாட்கள் விடுபட்டுப் போகும். அளக்க வந்ததற்கு நேர் எதிரானதை அளந்துவிட்டு வீடு திரும்பலாம். வேட்கை என்ற சொல் என் பேச்சுக்குப் பொருந்தும். தாளுக்குப் பொருந்துவது ‘குடிக்கணும்போல இருக்கு’ என்று ஒருவர் தன் வாயால் சொல்வதுதான்.

சொல்லைத் திருத்துவது சுலபம். வாழ்க்கை வேறாக இருக்கும் இடங்கள்தான் கடினம். அந்த ஐந்து கேள்விகளையும் ஒரு லயக் காம்பராவுக்குள் வைத்துப் பாருங்கள்.

வீட்டில் போத்தல் இருந்தால் என்கிறது நான்காம் கேள்வி. அலமாரியில் மதுவை வைத்துவிட்டு வாரக்கணக்கில் தொடாமல் இருக்கும் வீடுகள் உள்ள நாட்டில் பிறந்த கேள்வி அது. இங்கே வாங்கிய போத்தல் பெரும்பாலும் வீடு வந்து சேர்வதற்குள்ளேயே தீர்ந்துவிடும். ஒரே காம்பராவில் மாமியாரும் பிள்ளைகளும் படுக்கிறார்கள். ‘வீட்டில் இருந்தால் தொடமாட்டேன், பிள்ளைகள் பார்ப்பார்கள்’ என்று ஒருவர் சொன்னால், அவருக்கு வேட்கை குறைவு என்று புள்ளி போடுவதா? அவர் சொன்னது இடநெருக்கடியைப் பற்றி. கேள்வியின் உயிர், கைக்கெட்டும் தூரத்தில் மது இருக்கும்போது மறுக்கும் சிரமத்தில் இருக்கிறது. அந்த உயிரைக் காப்பாற்ற, கூட்டாளி ஒருவர் வாங்கித் தருகிறேன் என்று கூப்பிட்டால் மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று கேட்கலாம். ஆனால் அப்போது நண்பனின் முகம் என்ற வேறொரு பாரமும் கேள்விக்குள் நுழைந்துவிடும். இரண்டையும் மக்களிடம் கேட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.

மூன்றாம் கேள்வி நிமிடக் கணக்கு. இருபது நிமிடத்துக்குள், ஒன்றரை மணி நேரம்வரை, ஆறு மணி நேரத்துக்கு மேல் என்று படிப்படியாகப் போகும். தோட்டத்து நாள் பெரட்டு, மலை, பகல் நிறுவை, அந்தி நிறுவை என்று ஓடுகிறது. கவ்வாத்து வெட்டும் ஆண்கள் தங்கள் கொந்தராப்பை முடித்து மத்தியானத்தோடு இறங்கிவிடுவார்கள்; கொழுந்து எடுக்கும் பெண்கள் சாயங்காலம்வரை மலையில் நிற்பார்கள். பகல் நிறுவைக்கும் அந்திக்கும் இடையில் நினைவு வந்ததா என்று கேட்டால் பலருக்கு விடை சொல்ல வரும். அந்த விடையை ஏழு படிகளில் எங்கே வைப்பது என்பதை ஆய்வாளர் முன்கூட்டியே தீர்மானித்துச் சோதித்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் ‘கடந்த ஒரு வாரம்’. மாதச் சம்பளக்காரனுக்கு எல்லா வாரமும் ஒன்றா? சம்பள வாரம் ஒரு மாதிரி, முற்பணம் எடுத்த வாரம் ஒரு மாதிரி, கடனில் ஓடும் கடைசி வாரம் வேறு மாதிரி. மாரியம்மன் திருவிழா வாரமும் தீபாவளி வாரமும் தனி. போயா தினத்தில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும். இந்தக் காலண்டரை அறியாமல் வந்து கேட்பவர், மனிதனின் வேட்கையை அளப்பதாக நினைத்துக்கொண்டு அவனுடைய சட்டைப் பையை அளந்துவிட்டுப் போவார்.

இப்படி ஒவ்வொரு கேள்வியையும் ஒருவர் முன்னால் வைத்து, ‘இது உங்களிடம் என்ன கேட்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள், இந்தப் பதிலை எப்படி யோசித்துச் சொன்னீர்கள்?’ என்று விசாரிக்கும் கட்டம் ஒன்று உண்டு. ஆய்வாளர்கள் இதை அறிதிறன் நேர்காணல் என்பார்கள். என் கருத்தில் முழு வேலையின் இதயமும் இதுதான். அங்கே தொழிலாளி சொல்கிறார், ஆய்வாளர் திருத்திக்கொள்கிறார். பல ஆய்வுகளில் அவசரமாக முடிக்கப்படுவதும் இந்தக் கட்டமே.

அடுத்து எண்களின் பரீட்சை. கொழுந்து மடுவத்துத் தராசைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே கூடையை இரண்டு தடவை வைத்தால் இரண்டு நிறை காட்டும் தராசு ஒருவிதத்தில் கெட்டது. எப்போது வைத்தாலும் இரண்டு கிலோ குறைத்துக் காட்டும் தராசு வேறுவிதத்தில் கெட்டது. முதலாவதில் நம்பகம் இல்லை. இரண்டாவதில் நம்பகம் இருக்கிறது, உண்மை இல்லை. இரண்டாவதைத்தான் ஏற்புடைமை இல்லாதது என்று ஆய்வில் சொல்கிறார்கள். இரண்டாவது தராசுதான் அதிகம் ஏமாற்றும், ஏனெனில் அது ஒருபோதும் தடுமாறாது.

நம்பகத்தைப் பார்க்க இரண்டு வழி. ஐந்து கேள்விகளும் ஒரே பொருளைச் சுற்றி நிற்கின்றனவா என்று பார்க்க லீ குரோன்பாக் 1951இல் கொடுத்த அல்ஃபா என்ற எண் இருக்கிறது. 0.70க்கு மேல் வந்தால் ஏற்கலாம் என்பது வழக்கம். மூல ஆங்கிலத் தாளுக்கு அது 0.92 வந்தது. இந்த எண் 0.95ஐத் தாண்டினால், ஒரே கேள்வியை வேறு வேறு சட்டை போட்டுக் கேட்கிறோமா என்று சந்தேகப்பட வேண்டும். இரண்டாவது வழி, சில நாள் விட்டு அதே ஆளிடம் மறுபடி கேட்பது. இங்கேதான் சம்பள நாளின் விளையாட்டு. முதல் தடவை சம்பளத்துக்கு முந்தியும் இரண்டாம் தடவை சம்பளத்துக்குப் பிந்தியும் கேட்டால் புள்ளிகள் மாறும். தாள் கெட்டது என்று ஆய்வாளர் எழுதிவிடுவார். மாறியது மனிதனின் வாரம். இடைவெளியைத் தோட்டத்துக் காலண்டரைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.

ஏற்புடைமை இதைவிடக் கடினம். சீனி வியாதிக்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. வேட்கைக்கு அப்படி ஒரு பரிசோதனை இல்லை. அதனால் சுற்றி வளைத்துத்தான் நிரூபிக்க முடியும். குடியைப் பற்றிய வேறு நல்ல அளவையோடு இது ஒத்துப் போகிறதா? உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் சோதித்து உருவாக்கிய ‘ஓடிட்’ என்ற பத்துக் கேள்வித் தாள் இருக்கிறது. அதில் 40க்கு 8 எடுத்தாலே எச்சரிக்கை. அதன் ஏற்புடைமையை இலங்கையில் சோதித்த ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. வேட்கைப் புள்ளி அதனோடு ஓரளவு சேர்ந்து ஏற வேண்டும். முழுவதும் ஒன்றாகவே ஏறினால் புதிய தாள் எதற்கு? சிகிச்சைக்கு வந்தவர்களுக்கும் எப்போதாவது கலியாண வீட்டில் குடிப்பவர்களுக்கும் தெளிவான வித்தியாசம் தெரிய வேண்டும். குடியோடு தொடர்பில்லாத ஒன்றோடு, உதாரணமாக முதுகு வலியோடு, அது பெரிதாக ஒட்டக் கூடாது. நமது ஊரில் இந்தக் கடைசிப் பரீட்சை முக்கியமானது. ‘உடம்பு அலுப்புக்கு ஒரு கால் போடணும்’ என்பவரின் பதிலில் வலி எவ்வளவு, வேட்கை எவ்வளவு என்று பிரித்துக் காட்டாத தாள் இங்கே தோற்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று கூடிய புள்ளி எடுத்தவர் அடுத்த வாரங்களில் மீண்டும் குடிக்கிறாரா என்று பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

அடுத்து மொழியின் பரீட்சை. பொல்பிட்டியவில் தமிழும் சிங்களமும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆனாலும் வார்டில் நடப்பது என்ன? சிங்களத் தாளைக் கையில் வைத்திருக்கும் ஒருவர், தமிழ் தெரிந்த யாரையாவது கூப்பிட்டு ‘கேட்டுச் சொல்லுங்க’ என்பார். சில வேளை அது நோயாளியின் சொந்தப் பிள்ளையாகவே இருக்கும். தகப்பனின் குடி நினைவை மகள் மொழிபெயர்க்க வேண்டிய நிலையில் அவர் உண்மை சொல்வாரா? அந்த நிமிடத்தில் வாயில் வந்தபடி ஆன தமிழுக்கு எந்தப் பரீட்சையும் நடக்கவில்லை. சிங்களத்தில் அந்தத் தாள் பெற்ற மதிப்பெண் இந்தத் தமிழுக்குத் தானாக வந்து சேராது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பெற்றதும் அப்படியே.

கேட்பவர் யார் என்பதும் தாளின் ஒரு பகுதிதான். தோட்ட ஆபீசோடு தொடர்புள்ள ஒருவர் கேட்டால் வேட்கை பூச்சியம். மது ஒழிப்புக்கு வந்த தம்பிமார் கேட்டால், அவர்கள் மனம் நோகக் கூடாது என்று கொஞ்சம் கூட்டியே சொல்வோம். பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும் பலகைத் தட்டிக்குப் பின்னால் கேட்டால் இன்னொரு விடை. பெண்களிடம் கேட்கவே மாட்டார்கள். கேட்டாலும் ‘சேச்சே, நானா?’ என்பதோடு முடிந்துவிடும். குடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள் என்பது இந்த மண்டபத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஆண்களை மட்டும் வைத்துச் சோதித்த தாளைப் பெண்களுக்கு நீட்டுவது நியாயமாகாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டிக் கேட்பதாக இருந்தால், வாசித்துக் கேட்கும் முறையிலேயே தாள் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். தானாக நிரப்பும் ஆட்களிடம் தேறிய தாள் அங்கே மறுபடி பரீட்சை எழுதத்தான் வேண்டும்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வேட்கை வேறு, குடியை நிறுத்தும்போது உடம்பு படும் பாடு வேறு. நாள்தோறும் நிறையக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும். இது உயிராபத்து. வைராக்கியத்தோடு வீட்டில் அடைத்து வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஐந்து கேள்விக்கு எவ்வளவு புள்ளி வந்தாலும் அது இதற்கு மாற்றாகாது.

அளந்துவிட்டு என்ன செய்வது? அளப்பதோடு நிற்பதாக இருந்தால் அளக்கவே வேண்டாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு மையம் குடியை நோயாக ஏற்று, குடும்பத்தையும் உட்கார வைத்துத் தமிழில் சிகிச்சை கொடுத்தது. கோவாவில் சங்காத் அமைப்பினர், மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசனை சொல்ல வைத்தார்கள். 2017இல் லான்செட் இதழில் அதன் முடிவு வெளிவந்தது: வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட, ஆலோசனை பெற்றவர்களில் கூடுதலானோர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். யாருக்கு உதவி வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவர்களும் ஒரு கேள்வித்தாளைத்தான் நம்பினார்கள். படித்த இளைஞர்கள் இத்தனை பேர் இருக்கும் நமது தோட்டங்களில் அப்படிப்பட்ட ஆலோசகர்களை உருவாக்க முடியாதா? முடியும். அவர்கள் கையில் கொடுக்கும் தாள் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நமது பாட்டன் காலத்திலிருந்து யாராவது நம்மை அளந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்: எத்தனை கிலோ, எத்தனை பேர், எத்தனை நாள். அளவுகோலைத் திருப்பிச் சோதிக்கும் உரிமை நமக்கு அபூர்வமாகவே கிடைத்தது. ஒரு கேள்வித்தாளின் ஏற்புடைமையைச் சோதிப்பது அப்படிக் கிடைக்கும் ஒரு சந்தர்ப்பம். அங்கே தேறுவதோ தோற்பதோ தாளின் பாடு. உங்கள் பதில் எதுவானாலும் நீங்கள் தோற்பதில்லை.

ஆகவே நாளை யாராவது கேள்வித்தாளோடு உங்கள் லயத்துக்கு வந்தால் துரத்த வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். நான்கு விஷயம் கேளுங்கள். இந்தத் தாளை எங்களைப் போன்றவர்களிடம் சோதித்துப் பார்த்தீர்களா? நான் சொல்வதை யார் பார்ப்பார்கள், தோட்ட ஆபீசுக்குப் போகுமா? தனியாகப் பேச இடம் வைத்திருக்கிறீர்களா? என் புள்ளி கூடி வந்தால் எந்த டிஸ்பென்சரியில், யார் எனக்கு உதவுவார்கள்? நான்குக்கும் நேரான பதில் வந்தால் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் அதையும் சொல்லுங்கள். புரியாதது உங்கள் குறை ஆகாது. அந்தத் தாளைத் திருத்த ஆய்வாளருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான்.